சொந்த நாட்டில் தெரியாத பெயர்!

மொட்டை மாடிகளில் மீன் முள் போல நின்ற டெலிவிஷன் ஏரியலைப் பலர் பார்த்திருப்பார்கள். 1926-ம் ஆண்டு அதை உலகுக்குத் தந்தவர்கள் ஜப்பான் விஞ்ஞானிகள் உடா, யாகி.

ஏரியலில் ஒரு கம்பிதான் பெட்டியுடன் இணைந்திருக்கும். மற்றக் கம்பிகள் அலைகளை அதனிடம் கூட்டிச் சேர்க்கும். அதனால் நீட்டிய திசையில் வரும் அலை பலமாகக் கிடைக்கும்.

ஜப்பான் ராணுவம் இதை மதிக்கவில்லை. மேல்நாடுகள் மதித்தன.

1942-ல் சிங்கப்பூரை ஜப்பான் படை பிடித்தது. இங்கிலாந்து வீரர் ஒருவரின் ரேடார் நோட்டுப் புத்தகம் சிக்கியது. அதில் "யாகி" என்ற சொல் இருந்தது. ஜப்பானியருக்கு அர்த்தம் புரியவில்லை. கைதியாக இருந்த அந்த வீரரிடமே கேட்டனர்.

இந்த ஏரியலுக்குப் பெயர் தந்த ஜப்பான் பேராசிரியர்தான் யாகி என்றார் அவர்!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்!