ராணுவப் பணத்தில் பிறந்த மேசர்

பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு ராணுவம் பணம் கொடுத்தால் ஆயுதம்தான் வரும்னு ஒரு எண்ணம் இருக்கு. எப்போதும் அப்படி இல்லை.

அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1950ல்தான் வந்தது. அதற்கு முன்பே, 1946ல், கடற்படை தனி ஆராய்ச்சி அலுவலகம் திறந்து பேராசிரியர்களுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸின் ஆராய்ச்சியும் முப்படைகளின் பணத்தில்தான் நடந்தது. கடற்படைக்கு வேண்டியது மில்லிமீட்டர் அலை. 1951ல் அதற்கான குழுக் கூட்டத்துக்கு வாஷிங்டன் போன டவுன்ஸுக்கு, பூங்கா பெஞ்சில் உதித்த யோசனைதான் மேசர். 1954ல் வேலை செய்த முதல் கருவி தந்ததோ ஒன்றேகால் சென்டிமீட்டர் அலை! கேட்டது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. நடுவில் 'இதை நிறுத்துங்க' என்று வந்து சொன்னது ராணுவம் இல்லை. சக பேராசிரியர்கள் ராபியும் குஷும். டவுன்ஸ் கேட்கலை. லேசருக்கு வழி அங்கேதான் திறந்தது.

வியட்நாம் போர் நேரத்தில், 1969ல், மான்ஸ்ஃபீல்டு திருத்தம் வந்தது. ராணுவப் பணிக்கு நேரடித் தொடர்பு இருந்தால்தான் பாதுகாப்புத் துறை பணம் தரலாம் என்று அது சொன்னது. அடிப்படை ஆராய்ச்சி ராணுவத்தை நம்பி இருக்கக் கூடாது என்பது நோக்கம். விளைவு? அந்தப் பணத்தை வாங்கியவர், தன் ஆராய்ச்சி ராணுவத்துக்கு எப்படி உதவும்னு அப்போது காட்டியே ஆக வேண்டியிருந்தது.

பணம் யாருடையது என்று கேட்பது சரிதான். கேட்டது கிடைக்காவிட்டாலும் விட்டுவைப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேட்கணும்.