பாட்டு உங்களோடது... மாஸ்டர் யாரோடது?

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முறையாக இசை படிக்கலாம். கடலூரில் வீட்டிலேயே ஒரு மைக், ஒரு லேப்டாப் வைத்துப் பாட்டை ரெக்கார்டு பண்ணிடலாம். அதுக்கு அப்புறம்? அதை ஊர் கேட்க வைப்பதுதான் மியூசிக் லேபிளின் வேலை.

இசைப் பத்திரிகையாளரான உதய் கபூர் அந்த வேலையில் இறங்கினார். மோ ஜோஷியுடன் சேர்ந்து 2017-ல் டெல்லியில் அவர் தொடங்கியது 'ஆஸாதி ரெக்கார்ட்ஸ்'. ஆஸாதி என்றால் விடுதலை. அதே ஆண்டு ராப் பாடகர் பிரப் தீப்பின் 'கிளாஸ்-சிக்' ஆல்பம், அடுத்த ஆண்டு 'சீதே மௌத்' இரட்டையரின் 'பயான்' வெளிவந்தன. யாரிடம் விஷயம் இருக்கு என்று முதலில் கண்டுபிடிப்பது பத்திரிகையாளரின் தொழில். லேபிளுக்கும் அதுதான் முதலீடு.

ஆனால், கலைஞர் கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தை. ஒலிப்பதிவுக்குப் பொறுப்பேற்று அதைத் தயாரிப்பவருக்கே 'மாஸ்டர்' உரிமை. பாட்டு வெளியானபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். அதை லேபிளுக்கு எழுதிக் கொடுத்தால் போச்சு. பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டி பங்கை மட்டும் லேபிள் எழுதி வாங்க முடியாது. 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் தந்த பாதுகாப்பு இது.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: மாஸ்டர் யார் பேரில்? எத்தனை வருஷம்? வருமானத்தில் பங்கு எவ்வளவு?