யூனிஃபாரத்தைத் துவைக்காதே, அம்மா!

2024-ஆம் வருஷம் மார்ச் 22-ந் தேதி. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை. ஒன்றேகால் மணிக்கே பரீட்சை முடிந்துவிடும் என்று தெரியும். என் பெண் வீட்டுப் படி ஏறும்போது மணி நாலரை!

வந்தவள் கோலத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. யூனிஃபாரத்தின் மேல் போடும் ஓவர்கோட் முழுக்க நீலம், சிவப்பு, பச்சை என்று ஒரே மைக் கிறுக்கல். "என்னடி இது அநியாயம்! ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம்னு வெச்சிருந்தேனே!" என்று சத்தம் போட்டேன். அவள் பதில் பேசாமல் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

மை காய்வதற்குள் போக்கிவிடலாம் என்று பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலந்து, கோட்டை உள்ளே அமுக்கப் போனேன். எங்கிருந்துதான் வந்தாளோ! "யூனிஃபாரத்தைத் துவைக்காதே, அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். அப்போதுதான் அதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். கிறுக்கல் இல்லை அது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு பெயர், ஒரு வரி, ஒரு போன் நம்பர். "மறந்துடாதடி" என்று மட்டும் ஏழு இடத்தில் எழுதியிருந்தது.

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் நாமெல்லாம் எதைப் பற்றிக் கவலைப்படுகிறோம்? மார்க், காலேஜ், பணம். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு வேறொன்றும் முடிந்துபோகிறது என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை, சகோதரிகளே.

மொட்டை மாடியில்...

அடுத்த பத்து நாள் வீட்டில் ஒரே மௌனம். ராத்திரி ஒரு மணி வரை போன். காலை பதினோரு மணி வரை தூக்கம். அவளுக்குப் பிடித்த சேமியா கேசரி செய்தால்கூட இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். "பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு?" என்று நானும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. பாயை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். இருட்டில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"அம்மா, ஆறாங் கிளாஸ்லேர்ந்து ஏழு வருஷம் நாங்க நாலு பேரும் ஒண்ணாதான் சாப்பிட்டோம். இனிமே நான் யாரோட சாப்பிடுவேன்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாலு பேருக்கும் பட்டப் பெயர் உண்டு. சொந்தப் பெயர் வேண்டாம், அதையே சொல்கிறேன். எப்போதும் பாடம் சொல்லிக் கொடுக்கிற என் பெண் 'வாத்தியார்'. உயரமானவள் 'நெட்டை'. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பவள் 'கிளுகிளு'. தினமும் நாலு பேருக்கும் ஆளுக்கொரு துண்டு பூ கொண்டு வருபவள் 'முல்லை'. அவள் அம்மா வீட்டில் பூக் கட்டிப் பிழைப்பவர்.

"அரைப் பரீட்சை சமயத்துல நானும் நெட்டையும் ரெண்டு மாசம் பேசலைம்மா. அவ ரெக்கார்டு நோட்டைக் கேட்டா. நான் இல்லேன்னு பொய் சொல்லிட்டேன். பையில இருந்ததை அவ பார்த்துட்டா. கடைசி நாளன்னிக்குத்தான் ஸாரி சொன்னேன். 'லூசு, நான் அன்னிக்கே மறந்துட்டேன்'னா. ரெண்டு மாசத்தை வீணாக்கிட்டேனேம்மா!"

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "நல்லாப் படிக்கிறவதான் நல்ல ஃப்ரெண்டுன்னு நினைச்சேன். எனக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் போகாதப்போ, மத்தவங்க எல்லாம் 'எப்ப வருவே'ன்னு கேட்டாங்க. முல்லை மட்டும் அந்த வாரத்து நோட்ஸ் பூரா ரெண்டு காப்பி எழுதி வெச்சிருந்தா."

பதினேழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு புரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்

1996-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஆட்டோகிராஃப் நோட்டு. ரோஸ், மஞ்சள், பச்சைத் தாள்கள். என் உயிர்த் தோழி அதில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். மூன்று இன்லண்ட் லெட்டர் போட்டேன், இரண்டுக்குப் பதில் வந்தது. அதற்குள் எனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள். அவர்களும் வீடு மாறிவிட்டார்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் போன் கிடையாது. அவ்வளவுதான், அறுந்துபோயிற்று.

நான் அழுதபோது என் அம்மா, "கல்யாணமானா எல்லாம் மறந்துடும், போ" என்றாள். கல்யாணமாயிற்று, இரண்டு பிள்ளையும் ஆயிற்று. மறக்கவில்லை! இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது அவள் மாதிரி சிரித்தால் திரும்பிப் பார்க்கிறேன். "காலேஜ் போனா எல்லாம் மறந்துடும்" என்று அன்று ராத்திரி என் வாய் வரைக்கும் வந்த வார்த்தையை, நல்ல வேளை, முழுங்கிவிட்டேன்.

முல்லை வீட்டுத் திண்ணையில்

எழுந்திருக்கும்போது பெண் சொன்னாள்: "அம்மா, முல்லை காலேஜுக்கு அப்ளிகேஷன் போடப் போறதில்லையாம். மில்லுக்கு அனுப்பப் போறாங்களாம். நீ போய் அவங்க அம்மாகிட்ட பேசேன்."

எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் நூல் மில் நிறைய. காலையும் மாலையும் கிராமத்துக்கே வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். உழைத்துச் சாப்பிடுவதில் என்ன குறை? ஆனால் அந்தப் பெண்ணுக்குப் படிக்க ஆசை. என் வீட்டுக்காரர், "அடுத்தவங்க வீட்டு விஷயம், நமக்கெதுக்கு?" என்றார். எனக்கும் தயக்கம்தான். நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் பெண் என்னைப் பார்த்த பார்வையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மல்லிகை சீஸன். திண்ணையில் ஈரத் துணி மேல் பூ குவிந்து கிடந்தது. புத்தி சொல்ல வந்தேன் என்று எப்படி ஆரம்பிப்பது? நானும் உட்கார்ந்து வாழைநாரை எடுத்துப் பூக் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு முழம் கட்டி முடிக்கும் வரை ஊர்க் கதைதான். பிறகு அந்த அம்மாளே சொன்னார்: "படிக்க வைக்க ஆசை இல்லாமயா இருக்கும், அக்கா? ஃபீஸுக்கு எங்கே போவேன்? பஸ்ஸுக்கு தினம் எங்கே போவேன்? சாயங்காலம் இருட்டினப்புறம் வந்தா நாலு பேர் பேசுவாகளே!"

மூன்று பயம். மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிலக்கோட்டையிலேயே அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரிச் செலவெல்லாம் அங்கே ஆகாது. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால், 2022 செப்டம்பரில் ஆரம்பித்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே விழும். சாயங்காலப் பயத்துக்கு மட்டும் என்னிடம் ரெடியாகப் பதில் இல்லை. "அதே பஸ்ஸில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இன்னும் யார் யார் போகிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது நான் கட்டிய பூவையே என் தலையில் வைத்துவிட்டார். அதே ஊரிலிருந்து இரண்டு பெண்கள் அந்தக் காலேஜுக்குப் போய் வருகிறார்கள் என்று விசாரித்து, அவர்களையே நேரில் அனுப்பி வைத்தேன். மே 6-ந் தேதி ரிசல்ட் வந்தது. அன்று சாயங்காலம் முல்லை எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அம்மா அப்ளிகேஷன் போடச் சொல்லிடுச்சு" என்றாள். என் பெண் அவளைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் அடுக்களையில் தட்டுகள் ஆடின!

அம்மாக்கள் கவனத்துக்கு

பட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் ஊர் நர்ஸம்மா சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தூக்கம்: பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சை முடிந்த பிறகு நாலு நாள் சேர்த்துத் தூங்கட்டும், திட்டாதீர்கள். அதற்குப் பிறகும் ராத்திரி ஒரு மணி, காலை பதினொன்று என்று நீடிக்க விடாதீர்கள். எங்கள் வீட்டில் பத்து மணிக்கு எல்லோர் போனும் ஹாலில், என்னுடையது உட்பட!

இரும்புச் சத்து: பள்ளியில் வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள். பள்ளியை விட்டதும் அது நின்றுவிடுகிறது, நமக்கு நினைவே இருப்பதில்லை. பத்தொன்பது வயது வரை அங்கன்வாடியிலோ கிராம சுகாதார நர்ஸிடமோ கேளுங்கள். களைப்பு, மூச்சிரைப்பு, முகம் வெளிறல் இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முருங்கைக் கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை கொடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம்.

மனசு: தோழியைப் பிரிந்த வருத்தம் வியாதி இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போகத் தயங்காதீர்கள். 'செத்துப் போகலாம் போல இருக்கு' என்று விளையாட்டுக்குச் சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்கே கவனியுங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

விலாசம்: போன் தொலையும், நம்பர் மாறும். தோழிகள் பெயர், ஊர், அவர்கள் அம்மாவின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நான் பட்டது போதும்!

இன்று...

இதெல்லாம் நடந்து வருஷம் ஒன்றுக்கு மேலாகிவிட்டது. என் பெண் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முல்லை தினமும் பஸ்ஸில் நிலக்கோட்டை போய் வருகிறாள். கிளுகிளு இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை போனில் சிரிக்கிறாள். நெட்டை மட்டும் முன்போலப் பேசுவதில்லை. அவளுக்குப் புதுக் காலேஜ், புதுத் தோழிகள். "கஷ்டமா இருக்காடி?" என்று கேட்டேன். "இருக்கும்மா. ஆனா அவ மேல கோபம் இல்லை. ஏழு வருஷம் பொய்யாயிடுமா என்ன?" என்றாள்.

போன தீபாவளிக்குப் பரண் ஒழித்தபோது பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் ஆட்டோகிராஃப் நோட்டுக்குப் பக்கத்தில் அந்த ஓவர்கோட் மடித்து வைத்திருந்தது. துவைக்காத துணி, பூச்சி வந்துவிடும் என்று வழக்கம்போலக் கை பரபரத்தது. வெயிலில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மடிப்புக்குள் காய்ந்த வேப்பிலை போட்டுத் திரும்பவும் உள்ளேயே வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு கோட் தைத்துக் கொடுத்துவிட்டேன்.