அடிக்கும் முன் யோசிக்க எவ்வளவு நேரம்?

கச்சிராயபாளையத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் என்ன கேம் ஆடுகிறார் என்பதை அவருடைய போனின் டெம்பர் கிளாஸே சொல்லிவிடும். இடது கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாகத் தேய்ந்து மங்கியிருந்தால், ஓடி ஓடி அடிக்கிற விளையாட்டு. ஆளை நகர்த்தும் பிடி அங்கேதான் இருக்கும். வருஷக்கணக்கில் ஆடியும் கிளாஸ் புதுசு போல இருந்தால், யோசித்து யோசித்து அடிக்கிற ஆள்.

நான் சொல்லவருவது ரோல்-பிளேயிங் கேம் எனப்படும் ஆர்பிஜி வகையைப் பற்றி. ஒரு பாத்திரத்தை ஏற்று, கதைக்குள் நடந்து, சண்டை போட்டு, அனுபவம் சேர்த்து வலுவாகிற விளையாட்டு. இதில் கதையைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் அந்தக் கதைக்குள் நாம் எப்பேர்ப்பட்ட ஆளாக மாறுகிறோம் என்பதைச் சண்டை விதிதான் தீர்மானிக்கிறது என்பேன் நான்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசைமேல் பொம்மைப் படை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. காகிதம், பென்சில், இருபது முகப் பகடை, அவ்வளவுதான். ஒருவர் உருட்டி முடித்த பிறகே அடுத்தவர். 1986-இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட் இதைச் சுருக்கி வீட்டு டிவியில் ஒரு சின்னப் பட்டியலாக்கியது: அடி, மந்திரம் போடு, பொருளை எடு, ஓடு.

அரவைப் பருவத்தில் எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். என் சித்தப்பா மகன் அந்த வரிசையில் உட்கார்ந்து, 2004-இல் வந்த போகிமான் ஃபயர்ரெட் ஆடுவான். முன் வண்டி நகர்ந்தால் போனை மடியில் போட்டுவிட்டு கியர் மாற்றுவான். எதிரி அசைய மாட்டான், இவன் முறை முடியும்வரை காத்திருப்பான். டர்ன்-பேஸ்டு சண்டை என்றால் இதுதான். சார்மாண்டர் என்ற நெருப்புப் பிராணியோடு ஆரம்பித்தான். முதல் பெரிய எதிராளி புரோக்கிடம் இருப்பதெல்லாம் பாறை வகை.

“பாறையை நெருப்பு என்னண்ணா பண்ணும்? 13-ஆவது லெவல்ல மெட்டல் கிளா கத்துக்கும். அதுக்கப்புறம்தான் உள்ள போகணும்” என்றான். விரல் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. அவன் தளபதி. களத்தில் நிற்பது வேறொரு உயிர்.

இந்த நிதானத்தை 1991-இல் ஃபைனல் ஃபேண்டசி 4 கொஞ்சம் கலைத்தது. நாம் பட்டியலை மேய்ந்துகொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிடுவான்.

கடை ஷட்டரை இறக்கிய பிறகு நான் ஆடுவது டார்க் சோல்ஸ், 2011-இல் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்டது. வாள் வீசினாலும், கேடயத்தில் தாங்கினாலும், உருண்டு விலகினாலும் ஒரே பச்சைக் கோட்டிலிருந்துதான் தெம்பு கழியும். கோடு காலியானால் கையைத் தூக்க முடியாது. இன்னும் ஒரே ஒரு அடி என்று ஆசைப்பட்ட இடத்தில்தான் பாதிச் சாவு. செத்தால் சேர்த்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகிற வழியில் மறுபடி செத்தால் எல்லாம் போச்சு. தீ மூட்டிய இடத்தில் இளைப்பாறினால் நம் உயிர் நிறையும், ஆனால் வெட்டிச் சாய்த்தவர்களில் பெரும்பாலானோர் மீண்டும் எழுந்து நிற்பார்கள். கதையை இந்த கேம் வாய்விட்டுச் சொல்வதே குறைவு. பயம் முழுக்க விதியிலிருந்தே வருகிறது. இதில் எதிரியாக வரும் எலும்புக்கூட்டைப் பட்டியல் சண்டையில் நிறுத்தினால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

வெள்ளிமலைப் பக்கத்துப் பையன்களுக்குச் சிக்கல் வேறு. 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் இணையம் இல்லாமல் ஓடாது. கல்வராயன் மலை வளைவில் சிக்னல் விட்டால் சண்டையும் விட்டது. அவர்கள் மெமரி கார்டில் பழைய கேம்களைக் கேட்டு வாங்கிப்போகிறார்கள்.

யாரையும் கொல்லாமலே முடிக்கக்கூடிய ஆர்பிஜியும் உண்டு: டோபி ஃபாக்ஸ் செய்த அண்டர்டேல், 2015. எதிரியிடம் பேசிப் பழகி விட்டுவிடலாம். அவன் வீசுவதிலிருந்து மட்டும் தப்பத் தெரிய வேண்டும்.

பேச்சு என்றதும் கூத்துதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கம் கர்ண மோட்சம் கட்டினால் கர்ணனும் அர்ச்சுனனும் எய்யும் அம்பைவிடத் தர்க்கம்தான் நீளம். ஒருவர் பாடிச் சுழன்று நின்ற பிறகே மற்றவர் பதில் எடுப்பார். டர்ன்-பேஸ்டு சண்டைக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. 1990-இல் வந்த மங்கி ஐலண்ட் இதற்குக் கிட்டே வந்தது. அதில் திட்டுக்குச் சரியான எதிர்த்திட்டு சொன்னால் வாள் சண்டையில் வெற்றி. ஆனால் அது ஆர்பிஜி கிடையாது. கூத்தை வைத்து யாராவது ஆர்பிஜி செய்தால், லெவல் ஏறும்போது புது ஆயுதத்துக்குப் பதில் புது விருத்தம் கிடைக்கட்டும். தாளம் தப்பினால் உயிர்க்கோடு குறையட்டும். கட்டியங்காரன் நடுவில் புகுந்து எதிரியைக் கேலி செய்யலாம், அதற்குப் பகடை உருட்டிக்கொள்ளலாம்.

இதைச் சொன்னதும் சித்தப்பா மகன் கேட்ட முதல் கேள்வி, துரியோதனன் பக்கம் சேர்ந்து ஆட முடியுமா என்பது.