டிராக்டர் ஷெட் ஷட்டர் கனமாகிவிட்டதா? ஆயில் ஊற்றாதீர்கள்!

‘‘டிராக்டர் ஷெட்டுக்கு 10 அடி அகலம், 10 அடி உயரத்தில் இரும்பு ஷட்டர் போட்டு ஏழு வருடங்கள் ஆகின்றன. முன்பு நான் ஒருவனே சுலபமாகத் தூக்குவேன். இப்போது இரண்டு பேர் சேர்ந்தால்தான் மேலே போகிறது. இறக்கும்போது தடாலென விழுகிறது. பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா?’’

டெல்டா பகுதி வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது. பயிர் பற்றிய கேள்வி இல்லையே என்று ஒதுக்கிவிட முடியாது. டிராக்டர், பவர் டில்லர், விதைநெல், உரமூட்டை என ஒரு விவசாயியின் பாதிச் சொத்து இன்று ஷட்டருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த ஷட்டருக்குக் கீழேதான் தினமும் நாம் குனிந்து நுழைகிறோம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ஆயில் ஊற்ற வேண்டாம் என்பதே பதில். அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ‘தடாலென விழுகிறது’ என்பதுதான் இதில் முக்கியமான தகவல்.

கனத்தைத் தாங்குவது யார்?

கடையில் ‘18 கேஜ்’ என்று சொல்லும் தகடு ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அந்தத் தடிமனில் ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு சுமார் 9.4 கிலோ எடை இருக்கும். 10 அடிக்கு 10 அடி என்றால் 9.3 சதுர மீட்டர். வெறும் தகடே 87 கிலோ வந்துவிடுகிறது. பட்டைகளை ஒன்றோடொன்று கோத்திருக்கும் மடிப்புகள், அடியில் இருக்கும் பூட்டுப் பட்டை எல்லாவற்றையும் சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும். அதாவது, இரண்டு சிமென்ட் மூட்டைக்கு மேல். இதை ஒரு ஆள் சுலபமாகத் தூக்கினார் என்றால், அது அவருடைய கைபலம் அல்ல.

ஷட்டர் சுருண்டு ஏறும் பைப் மேலே இருக்கிறது அல்லவா? அதில் அகலத்துக்குத் தகுந்தபடி இரண்டோ, மூன்றோ, நான்கோ ஸ்பிரிங்குகள் இருக்கும். ஷட்டரை இறக்கும்போது இவை முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பெரும்பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நாம் கொடுப்பது மிச்சம் மீதி பலத்தைத்தான். ஒரு ஸ்பிரிங் உடைந்தாலோ, துருப்பிடித்துத் தளர்ந்தாலோ அதன் பங்கு மற்ற ஸ்பிரிங்குகளின் தலையிலும் நம் தோளிலும் விழுகிறது. அப்புறம் மற்றவையும் சீக்கிரமே கைவிடும்.

ஏற்றும்போதா, இறக்கும்போதா?

ஷட்டர் கனமானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஏற்றும்போதும் பிடிக்கிறது, இறக்கும்போதும் இழுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு இரண்டு பக்கச் சேனலில் இருக்கிறது. தூசி, துரு, வளைந்த பட்டை என ஏதோ ஒன்று தடுக்கிறது. இதை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஏற்றும்போது மட்டும் கனம், இறக்கும்போது தானாக ஓடிவந்து விழுகிறது என்றால் ஸ்பிரிங் போய்விட்டது என்று அர்த்தம். சேனலில் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் ஸ்பிரிங் திரும்ப வராது. உரசல் குறைந்து இன்னும் வேகமாகத்தான் விழும். டெல்டா வாசகரின் ஷட்டர் இந்த இரண்டாவது ரகம்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஷட்டருக்கு வெளியே நின்று, பாதம் அதன் நேர்கீழே வராதபடி, இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பிறகு, கையை எடுத்துவிடாமல் பிடியை மட்டும் மெள்ளத் தளர்த்துங்கள். நல்ல ஷட்டர் அங்கேயே நிற்கும்; கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாதகமில்லை. கையை மீறிக் கீழே இழுத்தால், அன்றைக்கே பூட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி ஏறுவதும், மேலே ‘டப்’ என்று சத்தம் கேட்டதும் அதே கதைதான்.

ஸ்பிரிங்கை நாமே கழற்றுவது வேண்டவே வேண்டாம். ஷட்டரை முழுவதும் மேலே ஏற்றிவிட்டால் முறுக்கு தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதும் ஓரளவு முறுக்கு மிச்சம் இருக்கும்படித்தான் மாட்டியிருப்பார்கள். பிராக்கெட்டின் போல்ட்டைத் தளர்த்தினால் பைப் சுழன்று கையை முறித்துவிடும். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஷட்டர் வேலை தெரியும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் மாற்றிப் பழகியவரா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். ஒன்று உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் என் அபிப்பிராயம். ஒரே வயது ஸ்பிரிங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொரு முறையும் கூலி கொடுக்க முடியுமா?

உள்ளே டிராக்டர் நிற்கிறது, உழவு காத்திருக்கிறது, மெக்கானிக் வர இரண்டு நாளாகும் என்றால்? மூன்று பேர் சேர்ந்து நேராகத் தூக்கி, அடிப்பட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் உறுதியான சவுக்குக் கம்பை நெட்டாக முட்டுக்கொடுத்துவிட்டு வண்டியை வெளியே எடுங்கள். பிறகு ஷட்டரை மெதுவாக இறக்கிப் பூட்டிவிடுங்கள். முட்டுக்கொடுத்தபடியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

சேனலுக்குள் களம்

கடைவீதி ஷட்டருக்கு இல்லாத எதிரிகள் நம் ஷட்டருக்கு உண்டு. நெல் தூசி, கடலைப்பொட்டு, வைக்கோல் துகள் எல்லாம் காற்றில் வந்து சேனலில்தான் தங்கும். அதன்மேல் பழைய ஆயிலையோ, கிரீஸையோ பூசினால் களிம்பு மாதிரி இறுகிவிடும். உலர்ந்த துணியாலும் கம்பி பிரஷ்ஷாலும் சேனலைத் துடைத்து, மெழுகுவத்தியை மேலும் கீழும் தேய்த்தாலே போதும். வசதி இருந்தால் சிலிக்கான் ஸ்பிரே வாங்கி அடிக்கலாம். தூற்றி முடித்த பிறகு ஒரு தடவை, மழைக்கு முன்னால் ஒரு தடவை செய்தால் நல்லது.

இன்னொரு எதிரி உரம். பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது. ஈரக்காற்றை இழுத்துக் கசியும்போது, அது பட்ட இரும்பு மளமளவென்று துருப்பிடிக்கும். யூரியாவும் ஈரத்தை இழுக்கும். இறக்கி ஏற்றச் சுலபம் என்று ஷட்டர் ஓரமாகவே மூட்டைகளை அடுக்குவதுதான் பல ஷெட்களில் வழக்கம். நான்கு அடி தள்ளி, பலகை மேல் அடுக்குங்கள். சேனலின் அடிப்பகுதி தரையோடு சேரும் இடத்தில் கழுவிவிட்ட தண்ணீரும் மாட்டுக் கோமியமும் தேங்காமல் வாட்டம் கொடுக்க வேண்டும். துரு தெரிந்தால் சுரண்டிவிட்டு, ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே பெயின்ட் பூசுங்கள்.

தூக்கும் முன் இரண்டு பக்கப் பூட்டும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது சின்ன விஷயம்தான். ஒரு பக்கப் பூட்டை மறந்துவிட்டு மூச்சைப் பிடித்துத் தூக்கி, அடிப்பட்டையை வளைத்து வைத்திருக்கும் ஷட்டர்கள் ஊருக்கு நாலு இருக்கின்றன. நடுவில் நின்று இரண்டு கையாலும் தூக்குங்கள். இறக்குவதற்குக் கொக்கிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள். எக்கித் தொங்க வேண்டாம். பிள்ளைகள் அடிப்பட்டையில் தொங்கி ஆடுவதை வேடிக்கை பார்க்கவே கூடாது. காலையில் திறக்கும் முன் கம்பால் நாலு தட்டு தட்டுங்கள். மேலே சுருள் மூடிக்குள் குளவி கூடு கட்டும். எலி போகும் இடத்துக்குப் பாம்பும் போகும்.

கரன்ட்டும் புகையும்

மழை நாளில் ஷட்டரைத் தொட்டால் ‘சுருக்’கென்று அடிக்கிறது என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிக்கிற விஷயமில்லை அது. ஷட்டர் மூடியில் உரசிக்கொண்டு போகும் வயரின் தோல் உரிந்து, மொத்த இரும்புக்கும் கரன்ட் ஏறியிருக்கலாம். ஷட்டரைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வயரை பைப்புக்குள் விட்டு, ஷட்டரைத் தொடாமல் கொண்டுபோக வேண்டும். எர்த் சரியாக இருப்பதோடு, கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி-யும் இருப்பது அவசியம்.

ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஜெனரேட்டரையோ, பெட்ரோல் களையெடுப்பு இயந்திரத்தையோ ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைசுற்றல் என்று உணர்வதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். இன்ஜினை ஷெட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்தே ஓட்டுங்கள். ஷட்டரைப் பாதி திறந்து வைப்பது போதாது.

புதிதாக ஷெட் போடுகிறவர்கள் அளவைப் பார்த்து ஷட்டர் ரகத்தை முடிவு செய்யுங்கள். கையால் தூக்கும் சாதா ஷட்டர் 8 சதுர மீட்டர், அதாவது சுமார் 86 சதுர அடி வரைக்கும் சரி. அதற்கு மேல் 12 சதுர மீட்டர், சுமார் 129 சதுர அடி வரை பைப்புக்கு பால் பேரிங் போடச் சொல்லிக் கேளுங்கள். அதையும் தாண்டினால் கையால் தூக்கும் ஷட்டர் வேண்டாம். சங்கிலி இழுக்கும் கியர் ரகம்தான் சரி. 12 அடிக்கு 12 அடி வாசல் 144 சதுர அடி வருகிறது. விலை பேசும்போது இதை மறந்துவிடாதீர்கள்.