இரண்டு குடம் தண்ணீர் கற்றுத்தந்த பாடம்

2019-ஆம் வருஷம், ஜூன் மாதம். சென்னையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் கிணறு வற்றிப் போய், போர் பம்பும் வெறும் காற்றைத்தான் துப்பிக்கொண்டிருந்தது. லாரி வந்தால்தான் தண்ணீர். ஒரு நாள் காலை, மாடிப் போர்ஷனில் இருக்கும் பெண், பிறந்து இருபது நாளே ஆன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“அக்கா, ரெண்டு குடம் தண்ணி கிடைக்குமா? குழந்தை துணியெல்லாம் ரெண்டு நாளா அலசாம கிடக்கு…” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொடுத்தேன். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் தயங்கினேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், அன்று காலையில்தான் அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை எல்லாம் யோசிக்காமல் கொட்டியிருந்தேன். அதுவே ஒரு குடம் தேறும்!

2015 டிசம்பரில் வெள்ளத்தில் தத்தளித்த அதே ஊர்தான் இது. நாலே வருஷத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் 25 லட்சம் லிட்டரைச் சுமந்துகொண்டு வந்தது. பிறகு மழை பெய்தது, எல்லாரும் மறந்துவிட்டோம். நான் மட்டும் சில பழக்கங்களை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். செலவில்லாத, சிரமமில்லாத பழக்கங்கள்தான். அவற்றைச் சொல்கிறேன்.

தண்ணீருக்கு இரண்டாவது வேலை

முதலில் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒழுகும் குழாயின் அடியில் ராத்திரி ஒரு பாத்திரத்தை வையுங்கள். எங்கள் வீட்டில் விடிவதற்குள் மூன்று லிட்டர் சேர்ந்திருந்தது! சின்ன வாஷர் ஒன்று மாற்றியதும் நின்றுவிட்டது. ஷவரின் கீழ் வாளியை வைத்தேன். இரண்டே நிமிஷத்தில் நிரம்பியது. அதிலிருந்து வாளிக் குளியல்தான்.

அரிசி களைந்த முதல் தண்ணீர் செடிக்கு. இரண்டாவது தண்ணீர் புளி ஊறவைக்கவும் குழம்புக்கும். துணி அலசிய கடைசித் தண்ணீர் கழிவறைக்கு. சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்கலாம், பாத்திரத்துக்கு முதல் அலசல் போடலாம். குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

ஒரு எச்சரிக்கை. சேமித்த தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம், தொட்டி எல்லாவற்றையும் இறுக மூடி, வாரம் ஒரு முறை உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது ரொம்ப முக்கியம்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003-லேயே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் பல வீடுகளில் அது மண் மூடிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியைப் பெருக்கி, குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்து, தொட்டியில் உள்ள கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட்டாலே போதும்.

அடுப்பில் சிக்கனம்

துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் வெந்துவிடும். கொண்டைக்கடலை, ராஜ்மாவை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள். தண்ணீர் ஒரு தரம் கொதித்துவிட்டால், தீயைப் பெரிசாக வைப்பதால் சூடு ஏறாது. ஆவிதான் அதிகமாகப் போகும். ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். குக்கருக்கும் அப்படியே, முதல் விசில் வந்ததும் ‘சிம்’மில் வைக்கலாம். ஃபிரிட்ஜில் இருக்கும் மாவையும் காயையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னர் துவாரங்கள் அடைத்திருக்கலாம். சுத்தம் செய்தால் பழையபடி நீலமாக எரியும். கேஸ் மிச்சம், பாத்திரம் தேய்க்கும் தண்ணீரும் மிச்சம்!

குப்பையும் காசுதான்

காய்த்தோலையும் பிளாஸ்டிக்கையும் ஒரே பையில் கட்டிப் போட்டால் அது எங்கே போகிறது? சென்னையில் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் போய் வருஷக்கணக்காக மலையாகக் குவிந்தது. அடியில் அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் என்ற எரியும் வாயு வரும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்ததும் குழந்தைகள்தானே?

நான் பழைய மண் பானை ஒன்றில் நாலைந்து துளை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிடி காய்த்தோல், அதன்மேல் இரண்டு பிடி சருகு. வாரத்துக்கு ஒரு தரம் கொஞ்சம் புளித்த மோர் தெளித்துக் கிளறுவேன். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சருகு போட்டால் சரியாகிவிடும். எண்ணெய்ப் பண்டம், மீன், இறைச்சி சேர்க்கக்கூடாது. மூன்று மாதத்தில் மண் வாசனையோடு எரு தயார். கறிவேப்பிலையும் கத்தரியும் செழிப்பாக வளர்கின்றன.

கடைக்குப் போகும்போது துணிப்பை மறந்துபோகிறதா? வாசல் கதவுக் கொக்கியில் செருப்புக்கு நேர் மேலே மாட்டி வையுங்கள், மறக்காது.

கைக்குழந்தைக்குப் பகலில் பழைய வேஷ்டியைக் கிழித்த துணியே போதும். நன்றாக அலசி வெயிலில் காயப் போட்டால் கிருமி பயமும் குறையும். ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் டயாபர் என்று வைத்துக்கொண்டாலே குப்பையும் செலவும் பாதியாகும். மாடிப் பெண் அப்படித்தான் செய்தாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் நான் பேச்சு சுவாரஸ்யத்தில் குழாயைச் சரியாக மூடாமல் நின்றுவிட்டேன். “பெரியம்மா, தண்ணி போகுது!” என்று அவளே ஓடிப் போய் மூடினாள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டாம், சகோதரிகளே. அலுத்துவிடும். இன்றைக்கு ஒழுகும் குழாயைப் பாருங்கள். அது சரியான பிறகு அடுத்தது.