சந்தாக் காசும் கட்சிக் குரலும்

பிரித்தானியத் தொழிற்கட்சியின் தொடக்கம் 1900. அப்போது தனியாள் அதில் நேரடியாகச் சேர முடியாது. தொழிற்சங்கங்களும் சோசலிசச் சங்கங்களும்தான் அங்கத்துவம் வகித்தன. அந்த வழி 1918இல்தான் திறந்தது. அதுவரை கட்சியை ஓட்டியது பெரும்பாலும் தொழிலாளியின் சந்தாக் காசு.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. ரயில்வே ஊழியர் சங்கக் கிளைச் செயலாளர் வால்டர் ஒஸ்போன் வழக்குப் போட்டார். சந்தாவை அரசியலுக்குச் செலவிடக் கூடாதென்று 1909இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. சங்கப் பணத்தில் சீவித்த எம்பிமார் பாடு திண்டாட்டம்தான். 1911இல் அவர்களுக்கு அரசே ஆண்டுக்கு 400 பவுண் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது.

1913ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழி ஒன்று கண்டது. அங்கத்தவர் வாக்கெடுப்போடு தனி அரசியல் நிதி வைக்கலாம். விருப்பமில்லாதவர் எழுதிக்கொடுத்து விலகலாம். 1927இல் அதைத் தலைகீழாக்கினார்கள்: விரும்புகிறவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். உடனே கொடுப்போர் தொகை சரிந்தது. 1946இல் மறுபடியும் பழையபடி. தொழிலாளி அதே ஆள்தான், மாறினது படிவம்!

சரி, காசு கொடுத்தவனுக்குக் குரல் இருந்ததா? மாநாட்டில் ஒரு சங்கத்தின் இலட்சக்கணக்கான வாக்குகள் ஒரே கட்டாக விழுந்தன. கிளைக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவனுடைய வாக்கும் அந்தக் கட்டுக்குள்தான். தலைவர் தெரிவில் ஆளுக்கொரு சம வாக்கு என்ற விதி 2014இல்தான் வந்தது. மாநாட்டு வாக்கில் பாதி இன்னமும் சங்கங்கள், இணைந்த அமைப்புகள் கையில்.